வீட்டோடு பட்டறை: தூசுக்கு வழி என்ன?



கிழக்கிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் ஓடாவி. குசினிக்குப் பின்னால், வளவின் மூலையில் தகரம் போட்ட பட்டறை. முன்பு கைவாளும் சீவுளியும்தான் இருந்தன. இப்போது வட்டவாள் மேசை, பிளேனர், கையில் பிடித்துத் தேய்க்கும் சாண்டர் எல்லாம் வந்துவிட்டன. அலுமாரிக்கும் கட்டிலுக்கும் ஓடர் கூடியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எட்டு வயது மகளுக்கு இரவில் முட்டு வருகிறது. மாலையில் பட்டறையைக் கூட்டுகின்ற அந்தச் சகோதரிக்கும் தும்மல் விடுவதில்லை. பக்கத்து வீட்டார், கொடியில் காயப்போட்ட உடுப்பில் தூள் படிகிறதென்று முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கட்டாரில் இருக்கும் அவருடைய தம்பி, "தூசு இழுக்கிற மெஷின் ஒண்ட வாங்குங்க மச்சான், காசு நான் அனுப்புறன்" என்று கணவரிடம் சொல்லியிருக்கிறார். மாமி மட்டும், "மூத்தாப்பாட காலத்திலயும் இந்தத் தூள்தானே, யாருக்கு என்ன வந்த?" என்கிறாராம். எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, இதையெல்லாம் ஒரு மௌலவியிடம் கேட்கலாமா என்ற தயக்கத்தோடு கடிதத்தை முடித்திருக்கிறார்.

தாராளமாகக் கேட்கலாம். இது நமது பிக்ஹு கிதாபுகளில் இடம்பெற்ற விடயம்தான்.

தச்சுத் தொழில் கண்ணியமான தொழில். ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்ற ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மதீனாப் பள்ளிவாசலின் மிம்பரைச் செய்தவரும் ஒரு தச்சர்தான். அவர் ஓர் அன்ஸாரிப் பெண்மணியின் பணியாளர். அந்தப் பெண்மணிக்கே நபி (ஸல்) அவர்கள் ஆளனுப்பிச் சொல்லி அதனைச் செய்வித்தார்கள் என்பதை ஸஹீஹுல் புகாரியில் காணலாம். ஆகவே தொழிலைக் குறை சொல்ல எவருக்கும் இடமில்லை. வீடுகளுக்கு நடுவே அதைச் செய்வது எப்படி என்பதுதான் கேள்வி.

நமது ஷாஃபிஈ மத்ஹபில், இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' இதற்கு வழிகாட்டுகிறது. சுற்றிவர வீடுகள் உள்ள இடத்தில் ஒருவர் தன் வீட்டைக் குளியலகமாகவோ குதிரை லாயமாகவோ ஆக்கலாமா? துணி வியாபாரிகளின் வரிசையில் தன் கடையைக் கொல்லன் கடையாக்கலாமா? ஆக்கலாம் என்பதே மிகச் சரியான கருத்து என்று இமாமவர்கள் எழுதுகிறார்கள். ஆனால் அத்தோடு விடவில்லை. அவர் பேணுதலோடு நடந்து, சுவர்களையும் உறுதியாக அமைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபைத் தழுவி உஸ்மானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டத்தொகுப்பு இன்னும் ஒருபடி மேலே போகிறது. அதன் 1200ஆம் பிரிவில் தூசுக்கென்றே ஓர் உதாரணம் இருக்கிறது. ஒருவர் அடுத்தவர் வீட்டருகே சூடடிக்கும் களம் அமைத்து, அந்தத் தூசினால் வீட்டுக்காரருக்குக் குடியிருக்க முடியாமல் போனால், அந்தத் தீங்கு நீக்கப்பட வேண்டும். வேளாண்மை வெட்டும் காலத்தில் களத்து மேட்டருகே குடியிருந்தவர்களுக்கு அந்தத் தூசு என்னவென்று சொல்லித் தரத் தேவையில்லை.

அப்படியானால் ஒரு தச்சுப் பட்டறைக்குப் பேணுதல் என்பது என்ன? எனது மைத்துனரும் ஓடாவிதான். அவருடைய பட்டறையில் நின்று பார்த்ததையும் பலரிடம் கேட்டறிந்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் மாமி சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் பொய் சொல்லவில்லை. மூத்தாப்பாவின் காலத்தில் சீவுளியிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. கைவாளிலிருந்து விழுந்த தூளும் பருமன். விழுந்த இடத்திலேயே கிடந்தது. இன்று மின்சார சாண்டர் ஒரு நிமிடத்தில் பல்லாயிரம் தடவை அதிர்ந்து மரத்தை மாவாக்குகிறது. அந்த மா விழுவதில்லை, மிதக்கிறது. ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். நெஞ்சுக்குள் இறங்கும் தூசு 10 மைக்ரோனுக்கும் குறைவானது. சுவாசப்பையின் அடிவரை போவது 5 மைக்ரோனுக்கும் குறைந்தது. அது கண்ணுக்குத் தெரியாது, இயந்திரத்தை நிறுத்திய பிறகும் மணிக்கணக்கில் காற்றிலேயே நிற்கும். காலடியில் குவியும் தூளைப் பார்த்துத்தான் நாம் பயப்படுகிறோம். அது கூட்டி அள்ளிவிடக் கூடியது. நோயைத் தருவது காலடியில் கிடப்பதல்ல.

இதை வீட்டாரிடம் வாதாடி நிறுவ வேண்டியதில்லை. சாண்டர் வேலை முடிந்து அரை மணி நேரம் கழித்து, இருட்டிய பின் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துக் காட்டுங்கள். அந்த ஒளிக்கற்றையில் மிதப்பதைக் கணவரும் மாமியும் பார்க்கட்டும். அன்றிரவு குசினியில் ஒரு கறுப்புத் தட்டைக் கவிழ்த்து வைத்து, சுபஹுக்குப் பின் விரலால் தடவிப் பாருங்கள்.

இதனால் என்ன வரும்? தேக்கும் முதிரையும் சிலருக்குத் தோலில் கடியையும் சிவப்பையும் தரும். தொய்வு உள்ளவர்களுக்கு எந்த மரத்தூளும் முட்டைக் கிளப்பலாம். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற தளபாட நகரத்தில், தச்சர்களுக்கு மூக்கின் உட்பகுதியில் ஓர் அரிய புற்றுநோய் வழமைக்கு மாறாக வருவதை 1960களில் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். 1995இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மரத்தூசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் சேர்த்தது. இது பல வருடங்கள் தூசோடு கிடப்பவர்களைப் பற்றியது, இன்று தும்மினால் நாளை வருவதல்ல. மகளை டொக்டரிடம் காட்டும்போது, வீட்டோடு பட்டறை இருக்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஒவ்வொரு ரமழானிலும் ஓடாவிமார் என்னிடம் கேட்பது, மரத்தூள் தொண்டைக்குள் போனால் நோன்பு முறியுமா என்பது. தெருப் புழுதியும் மா அரிக்கும்போது எழும் தூசும் தானாக உள்ளே போனால் நோன்பு முறியாது என்று அதே மின்ஹாஜில் இருக்கிறது. தவிர்ப்பது சிரமம் என்பதுதான் காரணம். மரத்தூளும் அப்படித்தான். ஆனால் நோன்புக்குச் சொன்ன அந்தச் சலுகையை நெஞ்சும் தரும் என்று எண்ணிவிடக் கூடாது.

இனி, கட்டாரிலிருந்து வரும் காசுக்கு வருவோம். கடைக்குப் போகுமுன் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். தூசு இழுக்கும் இயந்திரத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

வாக்கும் ஜாதி: ஒடுங்கிய குழாய், பலமான இழுவை, காற்று குறைவு. மற்றது பெரிய விசிறி வைத்த ஜாதி: 4 அங்குல வாய், ஏராளமான காற்று, இழுவை மெது. குழாய் வைத்து இளநீர் உறிஞ்சுவதற்கும் கச்சான் காற்றுக்குக் கதவைத் திறந்துவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாண்டருக்கும் ரவுட்டருக்கும் வாக்கும்தான் சரி, ஏனெனில் அவற்றின் வாய் சிறியது. பிளேனர் கொட்டும் சீவலுக்கு வாக்குமைப் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். பெரிய இயந்திரத்தைக் கொண்டுவந்து சாண்டரின் சின்ன வாயில் மாட்டினால் காற்றே ஓடாது.

கடைக்காரர் பெரியதைத்தான் காட்டுவார், பார்வைக்கும் அதுதான் இயந்திரம் போலிருக்கும். என் அபிப்பிராயம் வேறு. காசு ஒன்றுக்குத்தான் போதுமென்றால் முதலில் வாக்கும் வாங்கி சாண்டரில் பூட்டுங்கள். நெஞ்சுக்குள் போகும் மா அங்கிருந்துதான் அதிகம் வருகிறது. பிளேனரின் சீவலைச் சவளால் அள்ளலாம். வாக்குமில் 'ஹெப்பா' வகை வடிகட்டி இருக்க வேண்டும். அது 0.3 மைக்ரோன் அளவுத் துகள்களில் 100க்கு 99.97 பங்கைப் பிடிக்கும். வீடு கூட்டுகிற சாதாரண வாக்குமின் பை மரமாவினால் சீக்கிரம் அடைபட்டு, மோட்டர் சூடேறிக் கெட்டுவிடும்.

வடிகட்டி நெடுநாள் பாவிக்க ஒரு வழி இருக்கிறது. மூடியுள்ள 20 லீட்டர் பெயின்ட் வாளி ஒன்றை இடையில் வையுங்கள். சாண்டரிலிருந்து வரும் குழாய் வாளியின் ஓரத்தை உரசிச் சுற்றும்படி உள்ளே போகட்டும். வாக்குமுக்குப் போகும் குழாய் மூடியின் நடுவிலிருந்து புறப்படட்டும். காற்று உள்ளே சுழலும்போது கனமான தூள் ஓரத்தில் ஒதுங்கிக் கீழே விழுந்துவிடும், மென்மையானது மட்டும் வாக்குமுக்குப் போகும். சுளகில் அரிசி புடைக்கத் தெரிந்த உங்களுக்கு இந்தச் சூட்சுமம் கணவரைவிடச் சுலபமாக விளங்கும். வாளியின் மூடி காற்றுப் புகாமல் இறுகியிருக்க வேண்டும். அதில் சிறு நீக்கல் இருந்தாலும் எல்லாத் தூளும் வாக்குமுக்கே போய்விடும்.

இரண்டாவதாக, அல்லாஹ் வசதி தந்தால், பெரியதை வாங்கலாம். வட்டவாளும் பிளேனரும் ஒரு நேரத்தில் ஒன்றாக ஓடும் பட்டறைக்கு 2 குதிரைவலு போதும். கடையில் கேட்க வேண்டிய முதற்கேள்வி குதிரைவலுவல்ல, 'மேலே இருக்கிற பை எத்தனை மைக்ரோன்?' என்பது. மலிவான இயந்திரங்களுக்கு 30 மைக்ரோன் பை வரும். அது சீவலைப் பிடித்துக்கொண்டு மாவைத் துணி வழியே வெளியே விட்டுவிடும். தரையில் கிடந்ததை எடுத்து மூக்குயரத்தில் தூவுவதற்குக் காசு கொடுத்து ஓர் இயந்திரம் வாங்கியதாகவே முடியும். 1 மைக்ரோன் வரை பிடிக்கும் கம்பளிப் பை, அல்லது மடிப்பு மடிப்பாக உள்ள உருளை வடிகட்டி கேளுங்கள். அது இல்லையென்றால் அந்த இயந்திரத்தை விட்டுவிடுங்கள்.

பெட்டியில் எழுதியிருக்கும் காற்றின் அளவையும் அப்படியே நம்ப வேண்டாம். அது குழாயும் பையும் பூட்டாமல் அளந்தது. 4 அங்குலக் குழாயில் சீவல் தேங்காமல் ஓட நிமிடத்துக்கு 350 கன அடியளவு காற்றாவது வேண்டும். வீட்டு வடிகாலுக்குப் போடுகிற 4 அங்குல பி.வி.சி. குழாய் இதற்கு நன்றாகப் பொருந்தும். வாங்கிய பிறகு அதைக் கெடுப்பது எளிது. 4 அங்குலக் குழாயை இடையில் 2 அங்குலமாக ஒடுக்கினால் காற்றுப் போகும் வழி பாதியாவதில்லை, காலில் ஒரு பங்காகிவிடும். நெளிகுழாயின் உட்புற வரிகளும் காற்றைப் பிடித்து நிறுத்தும், அதைக் கடைசி ஒன்றிரண்டு அடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சடுதியான மூலைக்குப் பதிலாக 45 பாகை வளைவு இரண்டைச் சேர்த்துத் திருப்புங்கள். ஒவ்வொரு இயந்திரத்தின் வாயிலும் இழுத்துச் சாத்தும் ஒரு தகடு வைத்து, வேலை செய்கிற ஒன்றை மட்டும் திறந்துவிடுங்கள். பி.வி.சி. குழாயில் தூள் உராய்ந்து ஓடும்போது சுள்ளென்று மின் அடிக்கும். வெறும் செப்புக் கம்பியொன்றைக் குழாயோடு ஓடவிட்டு ஏர்த்தில் இணைத்தால் அது நின்றுவிடும்.

வெல்டிங் கடையில் செய்வித்த வட்டவாள் மேசைக்கு அடியில் எல்லாம் திறந்தே கிடக்கும். என்ன இயந்திரம் பூட்டினாலும் தூள் நாலாபக்கமும்தான் பறக்கும். அடிப்பகுதியை ஒட்டுப்பலகையால் பெட்டிபோல் அடைத்து, அடித்தட்டைச் சரிவாக இறக்கி, சரிவின் முடிவில் 4 அங்குல வாய் வையுங்கள். ஓடாவிக்கு ஒரு பின்னேர வேலை. மோட்டர் மட்டும் பெட்டிக்கு வெளியே காற்றோட்டமாக நிற்கட்டும்.

மின்சாரத்துக்குத் தனி வயர் இழுப்பியுங்கள். 2 குதிரைவலு என்பது ஏறத்தாழ 1500 வொட். குசினி பிளக்கிலிருந்து நீட்டு வயர் போட்டு வட்டவாளையும் இதையும் ஒன்றாக ஓட்டினால் வயர் உருகும்.

இப்போது பக்கத்து வீட்டு விடயம். வடிகட்டிக்குச் செலவழிக்காமல், விசிறியைச் சுவரில் பூட்டித் தூசை வெளியே தள்ளிவிடுவோம் என்று சிலர் செய்கிறார்கள். மனைவியின் மூக்கிலிருந்து எடுத்து அண்டை வீட்டாரின் மூக்கில் போடுவது பேணுதலாகாது. மின்ஹாஜின் நிபந்தனை சுற்றியுள்ள வீடுகளுக்காகத்தானே வந்தது? நல்ல வடிகட்டியில் பிடித்த பின் மீதிக் காற்றை வெளியேற்றுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் எந்தப் பக்கம் போகும், வாடையில் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்து, குசினிக்கும் அடுத்த வீட்டுக்கும் நேராக இல்லாத சுவரில் வழி விடுங்கள். பட்டறைக்கும் குசினிக்கும் இடையே தகரம் மட்டும்தான் இருக்கிறதென்றால், மெஷினுக்கு வைத்த காசில் ஒரு பங்கை எடுத்து அந்தப் பக்கத்துக்கு முகடுவரை கல்லுச் சுவர் கட்டுவது நல்லது. சுவரை உறுதியாக்குதல் என்று கிதாபில் வந்த சொல் இந்த இடத்தில் அப்படியே பொருந்துகிறது.

முகமூடி பற்றியும் சொல்ல வேண்டும். துணியை மூக்கில் கட்டிக்கொள்வது பெருந்தூளை மட்டும்தான் மறிக்கும். என்95 வகை முகமூடி நல்லது, ஆனால் அது கன்னத்தோடும் நாடியோடும் ஒட்டியிருக்கும்போதுதான். தாடியுள்ளவருக்கு அது ஒட்டாது, ஓரத்தால் காற்று உள்ளே வந்துவிடும். சுன்னத்தான தாடியை எடுக்கும்படி நான் சொல்லப் போவதில்லை. தாடி வைத்த ஓடாவிக்கு, தூசை அது பிறக்கும் இடத்திலேயே பிடிக்கும் ஏற்பாடு மற்றவர்களைவிட அவசியம் என்றுதான் சொல்கிறேன்.

இனி, சகோதரிகளே, கூட்டுவது பற்றி. நாளெல்லாம் மிதந்து மெல்லப் படிந்த மாவை மாலையில் தும்புத்தடியால் கிளப்புகிறவர் நீங்கள்தான். வேலை செய்தவரைவிடக் கூட்டியவர் அதிகம் சுவாசிக்கிற நாட்களும் உண்டு. உலர்ந்த தரையைக் கூட்டாதீர்கள். வாக்குமால் இழுங்கள், அல்லது தண்ணீர் தெளித்து ஈரமாக அள்ளுங்கள். கொம்பிரஸர் காற்றால் ஊதித் துப்புரவாக்குவது எல்லாவற்றிலும் கெட்டது. சொல்லப்போனால், பட்டறையைத் துப்புரவாக்குவது அங்கு வேலை செய்தவரின் பொறுப்பு. நபி (ஸல்) அவர்கள் தமது வீட்டு வேலைகளில் தாமே கைகொடுப்பவர்களாக இருந்தார்கள் என்பதை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்க, தன் பட்டறையைத் தான் கூட்டுவதில் எந்த ஓடாவிக்கும் குறைவு வந்துவிடாது. வேலைச் சட்டையையும் சாரத்தையும் பட்டறையிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரட்டும். அந்த உடுப்பைக் குசினி வாசலில் நின்று உதறாதீர்கள். நேரே தண்ணீரில் போடுங்கள். பிள்ளைகளைத் தூள் குவியலில் விளையாட விடாதீர்கள்.

நெருப்பு விடயத்தில் கவனம் வேண்டும். இரும்பு வெட்டும் பொறி தூசு இயந்திரத்துக்குள் போகக் கூடாது. ஆணி, இரும்புத் துண்டு இழுபட்டு விசிறியில் மோதினாலும் பொறி பறக்கும், பைக்குள் அது இரவு முழுதும் கனன்று கொண்டிருக்கும். பட்டறை மூடும்போது பையைக் கட்டி வெளியே வையுங்கள். சிகரட்டைப் பற்றி நான் வேறாக எழுதத் தேவையில்லை. லின்சீட் எண்ணெய் தேய்த்த பழந்துணியைச் சுருட்டித் தூளுக்குள் எறிந்தால் அது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அதை விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய டின்னில் போடுங்கள்.

சேர்ந்த தூளை என்ன செய்வது? பலா, வேம்பு, மஹோகனி போன்ற மரங்களை அறுத்த பருந்தூள் தூளடுப்புக்கு உதவும். பிளேனர் சீவல் கோழிக்கூட்டுக்கு நல்லது, மாமரத்தடியில் ஈரம் காக்கவும் போடலாம். எம்.டி.எஃப். பலகை, ஒட்டுப்பலகை, வார்னிஷ் பூசிய பழைய தளபாடம் ஆகியவற்றின் தூள் வேறு கணக்கு. அவற்றில் ஃபோமல்டிஹைட் சேர்ந்த பசையும் இரசாயனமும் இருக்கின்றன. அந்தத் தூளைத் தனிப் பையில் சேருங்கள். அடுப்புக்கும் வேண்டாம், கோழிக்கூட்டுக்கும் வேண்டாம். நன்றாக முடிந்து குப்பை வண்டி வரும் நாளில் கொடுத்துவிடுங்கள்.